எழுத்தில் குரல் வருவது எப்படி?

ஊர்த் திருவிழாவைப் பற்றி ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர் எந்த முக்கில் திரும்பும்போது நின்றுபோனது, முட்டுக்கட்டை போடுகிறவர் என்ன சத்தம் போட்டார், யார் வீட்டு வாசலில் நீர்மோர் நன்றாக இருந்தது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். கேட்டு முடித்ததும் நாமே போய்வந்தது போல இருக்கும். அதே மனிதரிடம் விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், ‘பல்வேறு சிறப்புகளைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் எங்கள் ஊரில்’ என்று தொடங்குகிறார். முக்கும் முட்டுக்கட்டையும் நீர்மோரும் அந்தப் பக்கத்தில் எங்குமே இருப்பதில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தென்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறது. குறிப்புச்சட்டம் போட வேண்டும், முன்னுரை எழுத வேண்டும், பொருளுரையைத் தலைப்புகளாகப் பிரிக்க வேண்டும், முடிவுரையில் முன்னுரையை வேறு வார்த்தைகளில் திரும்பச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர் நாம் எழுதியதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அவருக்கு அது முன்பே தெரியும். இப்படித் தெரிந்தவருக்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிப் பழகியவர்களுக்கு, தெரியாத ஒருவருக்கு எழுதிச் சொல்லும் பயிற்சி கிடைக்காமலே போகிறது. பேச்சில் அந்தப் பயிற்சி எல்லோருக்கும் இருக்கிறது. அதை எழுத்துக்குக் கொண்டுவரும் வழியைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேசுவது போல எழுதுங்கள் என்று சொன்னால், பேச்சுத்தமிழிலேயே எழுதச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மழை வந்துவிட்டது என்பதைச் சென்னைக்காரர் ‘வந்துடுச்சு’ என்பார். மதுரையில் ‘வந்துருச்சு’. யாழ்ப்பாணத்தில் ‘வந்திட்டுது’. இவற்றில் ஒன்றை நான் எழுதினால், மற்ற ஊர்க்காரர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நொடி நின்று தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். ‘வந்துவிட்டது’ என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. எந்த ஊரிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனாலேயே கோயம்புத்தூரில் இருப்பவரும் மலேசியாவின் கிளாங்கில் இருப்பவரும் அதைத் தங்கள் தங்கள் குரலில் படித்துக்கொள்ள முடிகிறது. எழுத்துத்தமிழின் இந்தப் பொதுமை நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அதை அவசரப்பட்டுக் கைவிடக் கூடாது.

தமிழில் நன்றாக எழுதியவர்கள் இதற்கு வேறு வேறு விதமாக வழி கண்டிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் கதை சொல்லும்போது எழுத்துத்தமிழிலேயே சொன்னார். பாத்திரங்கள் வாய் திறக்கும்போது திருநெல்வேலிப் பேச்சை அப்படியே விட்டார். கி. ராஜநாராயணன் கதைசொல்லியின் வாயிலேயே கரிசல் பேச்சை வைத்தார். அதற்கு அவர் கொடுத்த உழைப்பைப் பார்க்க வேண்டும்: அந்த வட்டாரச் சொற்களையெல்லாம் சேகரித்து ஓர் அகராதியே போட்டார். அந்த வட்டாரத்தில் பிறந்து, அந்தப் பேச்சைக் காதில் வாங்கியே வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த வழி கைகூடும். கல்கியும் சுஜாதாவும் மூன்றாவது வழியில் போனார்கள். வாக்கியத்தின் எலும்பு எழுத்துத்தமிழ், மூச்சு பேச்சுத்தமிழ். கல்கி 1950-இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்திலேயே வாசகரைக் கூட அழைத்துக்கொண்டு வீரநாராயண ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார். கட்டுரையும் விளக்கமும் எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றாவது வழிதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

எலும்பு எழுத்துத்தமிழாகவே இருக்கட்டும். மூச்சு எங்கிருந்து வரும்?

நேரில் பேசும்போது பாதி வேலையைக் குரலும் கையும் முகமும் செய்துவிடுகின்றன. ‘அவன் வந்தான்’ என்பதை ஒரே சொற்களால் ஆச்சரியமாகவும் அலுப்பாகவும் சந்தேகமாகவும் சொல்லலாம். தாளில் அது முடியாது. ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கென்றே தமிழில் சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கின்றன. அவனே வந்தான். அவன்தான் வந்தான். அவனும் வந்தான். அவனாவது வந்தான். அவன்கூட வந்தான். அவனோ வந்தான்? ஆறு வாக்கியங்களிலும் ஆள் ஒருவன், செயல் ஒன்று. சொல்கிறவரின் மனம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. இலக்கணக்காரர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு 5 பொருளும், ஓகாரத்துக்கு 6 பொருளும், உம்மைக்கு 8 பொருளும் சொல்கிறது. ஓரெழுத்தும் ஈரெழுத்துமான உறுப்புகளுக்கு இத்தனை பொருள் எழுதி வைக்கவேண்டுமென்றால், மொழியில் அவை எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்! அலுவலகக் கடிதத்திலிருந்தும் தேர்வுக் கட்டுரையிலிருந்தும் முதலில் காணாமல் போவது இவைதான். உம்மை மட்டும் எண்ணிக்கைக்காக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது இடம் துணைவினை. மழை வந்தது என்பது செய்தி. மழை வந்துவிட்டது என்றால், அதை எதிர்பார்த்தோ பயந்தோ ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். மழை வந்து தொலைத்தது என்றால் அவர் மாடியில் வற்றல் காயவைத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். எழுது என்பதற்கும், எழுதிப் பார், எழுதி வை, எழுதிக்கொள், எழுதிப் போடு, எழுதித் தள்ளு என்பவற்றுக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது வினை செயலைச் சொல்வதில்லை. செயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைச் சொல்கிறது. விறைப்பான ஒரு பத்தி கையில் இருந்தால், அதன் வினைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் ‘உள்ளது’, ‘ஆகும்’, ‘அமைந்துள்ளது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று முடிந்தால் அந்தப் பத்திக்குள் ஆளே இல்லை என்று பொருள்.

அந்த ‘மேற்கொள்ளப்பட்டது’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘படு’ சேர்த்துச் செயப்பாட்டு வினையாக்குவது எழுத்துக்கு உரியது. வீட்டில் யாரும் ‘சாதம் வடிக்கப்பட்டது’ என்று சொல்வதில்லை. செய்தவர் யாரென்று சொல்ல விரும்பாதபோதும், செய்தவர் யாராக இருந்தாலும் பொருட்டில்லாதபோதும் இந்த வடிவம் பயன்படும். போலீஸ் செய்தியில் ‘கைது செய்யப்பட்டார்’ சரியாகவே பொருந்துகிறது. மற்ற இடங்களில் செய்தவரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ‘சாலை சீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது’ என்பதை ‘மாநகராட்சி சாலையைச் சரிசெய்தது’ என்று மாற்றும்போது நான்கு சொல் மூன்றாகிறது, யார் செய்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. பேச்சு நடையின் பெரிய பயன்களில் ஒன்று இது. அது பொறுப்பை மறைக்காது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: வாக்கியத்தின் வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். பெயரை விளக்கும் எச்சமெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ‘நேற்று மழையில் நனைந்துகொண்டே வந்து நம் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நின்று தண்ணீர் கேட்ட பையன்’ என்று எழுதும்போது, யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே வாசகர் மழையையும் திண்ணையையும் தண்ணீரையும் மனத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார். கடைசியில்தான் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. இந்த அளவென்றால் சமாளித்துவிடலாம். நிர்வாகத் தமிழில் இதைப் போல மூன்று எச்சத் தொடர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்திருக்கும். பேச்சு இந்தச் சுமையை எப்படித் தவிர்க்கிறது என்று கவனியுங்கள். ‘நேற்று ஒரு பையன் வந்தானே, மழையில் நனைந்துகொண்டு? திண்ணையில்கூட நின்றானே, அவன்தான்.’ முதலில் ஆளை நிறுத்திவிடுகிறோம். அந்த ‘வந்தானே’ கேட்பவரிடம் ‘நினைவிருக்கிறதா’ என்று கேட்டுக்கொள்கிறது. விவரம் பிறகு, ஒவ்வொன்றாக. வினைக்குப் பின்னாலும் பேச்சில் சொல் வரும்: ‘போய்விட்டார், உங்கள் அண்ணன்.’ எழுத்தில் இதை அடிக்கடி செய்தால் நாடக வசனம் போல ஆகிவிடும். ஆனால் ஆளை முதலில் நிறுத்து, விவரத்தைப் பிறகு சொல் என்ற பேச்சின் ஒழுங்கை எந்தக் கட்டுரையும் எடுத்துக்கொள்ளலாம். நீளமான எச்சத் தொடரை உடைத்து இரண்டு முற்றுவினையாக்கினாலே பாதி விறைப்பு போய்விடும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மழைக்காலத்தில் நாம் அடிக்கடி காணும் அறிவிப்பு நடையில் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்கிறேன்.

‘டெங்கு காய்ச்சல் பரவலைத் தடுக்கும் பொருட்டு, பொதுமக்கள் தங்கள் இல்லங்கள் மற்றும் சுற்றுப்புறங்களில் காணப்படும் தேவையற்ற பொருட்களில் தேங்கியுள்ள நீரினை அவ்வப்போது அப்புறப்படுத்துதல் மிகவும் அவசியமானதாகும்.’

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் படித்துவிட்டு எழுந்து போய் எதையாவது கவிழ்ப்பவர் யார்? இதையே பக்கத்து வீட்டுக்காரரிடம் சுவரோரம் நின்று சொல்வதாக நினைத்து எழுதிப் பார்க்கிறேன்.

‘மொட்டைமாடியில் உடைந்த வாளி கிடக்கிறதா, போய்ப் பாருங்கள். போன வாரத்து மழைத்தண்ணீர் இன்னும் அதில் நின்றுகொண்டிருக்கும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அதுவே போதும். சாக்கடையை அது அவ்வளவாகத் தேடுவதில்லை. வீட்டைச் சுற்றி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து கொசு பறந்து போக 7 முதல் 10 நாள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.’

இரண்டாவது பத்தி நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேச்சு நடை என்றால் சுருக்கமாக எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எப்போதும் அப்படியில்லை. நேரில் கேட்கிறவர் இடையில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார்: எந்தத் தண்ணீர், ஏன் வாரத்துக்கு ஒருமுறை, கொட்டினால் போதாதா? எழுத்தில் அவரால் குறுக்கிட முடியாது. அந்தக் கேள்விகளை நாமே முன்கூட்டிக் கேட்டு, அவை எழக்கூடிய இடத்திலேயே பதிலையும் வைத்துவிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் நீளம். முதல் வாக்கியத்தில் இடமில்லாத கொசுவும் முட்டையும் இரண்டாவதில் வந்ததற்குக் காரணம், கேட்கிற ஆள் ஒருவர் எதிரே நின்றதுதான்.

எதிரே நிற்கும் ஆளை மாற்றினால் சொல்லவேண்டிய விஷயமே மாறிவிடும். நான் பேசுவது வாரத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் லாரி வரும் தெருவில் இருக்கும் ஓர் அக்காவிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் அந்த வாரத்துச் சமையலே நடக்கிறது. ‘அக்கா, டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், கொசு உள்ளே போக வழியிருக்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்த அன்றைக்கு மறுபடி பிடிப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு தேய் தேய்த்துவிடுங்கள்’ என்றுதான் சொல்வேன். ‘பொதுமக்கள்’ என்று எழுதியவருக்கு அந்த டிரம் தெரிந்திருக்காது. ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நடை அழகாவது அதில் கிடைக்கும் சின்ன லாபம். அந்த முகத்துக்கு உதவாத அறிவுரை நம் எழுத்திலிருந்து தானாகவே விழுந்துவிடும், அதுதான் பெரிய லாபம்.

அந்த முகத்தை எப்படி அழைப்பது என்பதிலும் தமிழ் நமக்கு நிறைய இடம் தருகிறது. ‘நீங்கள்’ மரியாதையோடு நேராகப் பார்க்கும். ‘நாம்’ கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ அவரை வெளியே நிறுத்தும். எந்த நேரத்தில் எது என்பதை யோசித்துத்தான் போட வேண்டும். ‘நாம் குப்பையைத் தெருவில் போடுகிறோம்’ என்று எழுதினால், போடாத வாசகருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். உண்மையில் எழுதுகிறவரும் அந்த வேலையைச் செய்கிறவராக இருந்தால் மட்டும் ‘நாம்’ வரட்டும். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர்களும் படிப்பார்கள் என்ற நினைவு இருந்தால், ஏவலாக அடுக்கிக்கொண்டே போகாமல் ‘செய்து பார்க்கலாம்’, ‘செய்தால் நல்லது’ என்று இடையிடையே இறங்கி வரவும் தோன்றும்.

கலைச்சொற்கள், ஆங்கிலச் சொற்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் வாசகரும் வாயால் எதைச் சொல்வீர்களோ அதை எழுதுங்கள். ஒரே கட்டுரையில் ஓர் இடத்தில் பஸ், இன்னொரு இடத்தில் பேருந்து என்று தடுமாற வேண்டாம். புதிய சொல் வந்தே தீரவேண்டுமென்றால், அது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைப் பிறகு சொல்லுங்கள்.

எளிமையாக எழுதினால் படிப்புக் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அவர்கள் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சங்க நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர். அவரளவுக்குக் கடினமான தமிழ் தெரிந்தவர்கள் அப்போதும் மிகச் சிலரே. அவர் தன் வாழ்க்கையை 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதியபோது, திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது போன்ற தமிழில் எழுதினார். அதற்கும் முன்பே, 1912-இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தின் முகவுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் கொண்டு காவியம் செய்கிறவரே தமிழுக்கு உயிர் ஊட்டுகிறவர் என்ற கருத்தைப் பாரதியார் எழுதிவிட்டார். கவிதைக்கே இதைக் கேட்டவர், டெங்கு அறிவிப்புக்கும் மின்கட்டண விளக்கத்துக்கும் கேட்கமாட்டாரா?

பேச்சிலிருந்து எடுக்கக்கூடாதவையும் உண்டு. பேசும்போது யோசிக்க நேரம் வேண்டி ‘வந்து’, ‘பார்த்தீங்கன்னா’, ‘அதாவது’ என்று இட்டு நிரப்புகிறோம். சொன்னதையே மூன்று தடவை சொல்கிறோம். ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் இன்னொன்றுக்குத் தாவுகிறோம். கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடிவதால் இதெல்லாம் நேரில் செல்லுபடியாகிறது. தாளில் இவை வெறும் சத்தம். குரல் பதிவை அப்படியே எழுத்தாக்கினால் நல்ல கட்டுரை கிடைக்காது. ஆனாலும் எழுத உட்கார்ந்து ஒரு வரியும் வராதவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி அதுதான். விஷயம் தெரியாத ஒரு நண்பருக்குச் சொல்வதாக நினைத்து அலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். எதில் தொடங்கினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முன்னுரையாக இருக்காது. உடைந்த வாளியாகவோ நின்றுபோன தேராகவோ இருக்கும். கட்டுரையையும் அங்கேயே தொடங்கலாம். எந்த இடத்தில் உங்கள் குரல் வேகமெடுத்தது என்றும் பாருங்கள். உங்களுக்கு அக்கறை இருக்கும் இடம் அது, அங்கே தாராளமாக எழுதலாம்.

எழுதி முடித்த பிறகு செய்யவேண்டியது உரக்கப் படிப்பது. இது நம் மரபிலேயே இருக்கிறது. ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இடமாட்டார்கள், சொற்களுக்கிடையே இடமும் விடமாட்டார்கள். ஓதுகிறவரின் குரல்தான் எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்தது. அச்சு வந்து, ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகப் போடத் தொடங்கிய பிறகு, குரலின் வேலையில் ஒரு பங்கைக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எடுத்துக்கொண்டன. உரக்கப் படிக்கும்போது மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வேண்டும். நாக்கு புரளாத இடத்தில் சொல் மாற வேண்டும். உங்களை அறியாமல் வாய் வேறு சொல்லைச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லே இருக்கட்டும். தாளில் ‘எனினும்’ என்றிருக்க வாய் ‘ஆனாலும்’ என்று படித்தால் வாய் சொல்வதைக் கேளுங்கள்.

முடிந்தால் வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். பாராட்டு வாங்குவதற்காக வேண்டாம், அவர்கள் எங்கே குறுக்கிடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. ‘அப்படியென்றால்?’ என்று கேட்டால் அங்கே ஒரு விளக்கம் விட்டுப்போயிருக்கிறது. ‘சரி, தெரியும், மேலே படி’ என்றால் அங்கே இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. தட்டை எடுத்துவைக்க எழுந்துவிட்டால் அந்தப் பத்தியே தேவையா என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் மறுநாள் திருத்துங்கள். அன்றைக்கே திருத்தினால் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக நம்முடைய வாதத்தை எழுதிவிடுவோம்.